போன் எறா

1

இந்தக் கதைக்குள் ஒரு வாக்கியத்தை எங்காவது வைத்துவிடும்படி ஒருத்தி என்னிடம் கேட்டிருக்கிறாள். அது இருந்தால் போதும், மற்றதெல்லாம் உன் இஷ்டம் என்றும் சொல்லிவிட்டாள். வாக்கியம் இதுதான்: "எறா தான் அழுத்துச்சு."

வைத்துவிட்டேன். அவளைப் பொறுத்தவரை கதை இங்கேயே முடிந்துவிட்டது.

எனக்குத்தான் முடியவில்லை. அந்த வாக்கியம் உண்மையா என்று எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தைக் கதாபாத்திரத்தின் வாயில் வைப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் இதைப் படிக்கக்கூடிய ஒருத்தி, அதை நம்பினால் தன் அம்மாவிடம் பேசுவாள், நம்பாவிட்டால் பேசாமலே இருந்துவிடுவாள். அப்படி ஒரு வாசகி எனக்கு இதற்கு முன் இருந்ததில்லை. பத்து நாளாக எழுதுகிறேன், எழுந்து போகிறேன், பால் பொங்கிவிட்டதா என்று பார்க்கிறேன். அடுப்பில் பாலே இல்லை.

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். அழிக்காமல் விடுகிறேன்:

காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதியதும் அந்தப் பெண்கள் —
(அந்தக் கம்பெனியில் சங்கு கிடையாது. முகத்தைக் காட்டினால் வருகை பதியும் மிஷின் இருக்கிறது.)

தாய் என்பவள் —
(இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்.)

ரப்பர் கையுறைக்குள் இருக்கும் விரலைத் தொடுதிரை விரலாக மதிப்பதில்லை.
(இது பரவாயில்லை. இங்கிருந்து போகலாம்.)

2

கவரைப்பேட்டையில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை செய்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கும் கம்பெனிகளுக்குப் பாதுகாப்புப் பலகைகள் அடித்துக் கொடுக்கிறோம். அவற்றின் தமிழ் என்னுடையது. 'தலைக்கவசம் அணிக.' 'ஈரத்தரை, கவனம்.' 'உற்பத்திக் கூடத்துக்குள் கையுறையைக் கழற்றாதீர்.' பலகை வாக்கியத்துக்குச் சந்தேகமே வராது. ஒருமுறை எழுதினால் ஐந்து வருடம் சுவரில் அப்படியே நிற்கும்.

சாயங்காலம் கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறுவேன். கூட்டம் பிதுங்கும் பெட்டியில் ஒருத்திக்குப் பக்கத்தில் மட்டும் தினமும் ஓர் இடம் காலியாக இருந்தது. ஒருநாள் அவளே கூப்பிட்டாள்.

"உக்காரு, உக்காரு. நாத்தம் அடிச்சா மூக்கப் புடிச்சுக்கோ. சீட்டு இன்னாத்துக்கு வீணா போவணும்?"

இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் தோல் உரிக்கும் வேலை அவளுக்கு. பொன்னேரியில் இறங்கி, பழவேற்காடு பஸ் பிடித்துத் தன் மீனவர் குப்பத்துக்குப் போவாள். கவரைப்பேட்டைக்கும் பொன்னேரிக்கும் நடுவில் எட்டு நிமிடம்.* இந்தக் கதை முழுக்க எட்டெட்டு நிமிடத் துண்டுகளாகத்தான் எனக்குக் கிடைத்தது. அது துண்டு துண்டாக இருந்தால் காரணம் அதுதான், உத்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

* சிக்னல் விழுந்தால் பதினொன்று.

நான் பலகை எழுதுகிறவள் என்று தெரிந்ததும் என்னைப் 'போர்டம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தாள். கதையும் எழுதுவேன் என்று தெரிந்த அன்று மடியிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "போன்ல வருமா உன் கதை?" என்றாள்.

"வரும்."

"எம் பொண்ணு போன்ல தான் கதை படிப்பா. சோறு ஆறிப்போனாக்கூட படிச்சுக்கினே இருப்பா."

பெயரை மாற்றச் சொன்னது அவள்தான். "உள்ள போன் எடுத்துக்கினு போனது தெரிஞ்சுச்சு, வேல போயிடும்."

"என்ன பேர் வைக்கட்டும்?"

"செங்கம்மான்னு வையி. எம் மாமியா பேரு. படிக்கறவங்க திட்டுனா அந்தக் கெயவியவே திட்டட்டும்."

மகளின் பெயரை மட்டும் மாற்றக்கூடாது என்றாள். பூமிகா. "அவளுக்குத் தெரியணும்ல, தன்னப் பத்தி தான்னு."

3

உரிக்கும் கூடத்தில் எல்லாமே பனிக்கட்டி. பெண்கள் முதலில் பருத்திக் கையுறை போட்டு, அதன் மேல் முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறையை மாட்டுவார்கள். பருத்தி இல்லாவிட்டால் அரைமணி நேரத்தில் விரல் மரத்துவிடும். ஒருமுறை கழற்றினால் வெளியே போக வேண்டும், மறுபடி குளோரின் தண்ணீரில் கை கழுவ வேண்டும், புது ஜோடி வாங்கி மாட்ட வேண்டும். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். போனை லாக்கரில் வைத்துவிட்டு வர வேண்டும் என்பது விதி. ஏப்ரனுக்குள், ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருப்பார்கள் என்பது நடப்பு.

ஆனால் இரண்டு அடுக்குக் கையுறையோடு போனை எப்படித் தொடுவது? மூக்கால் தொடலாம் என்றால் முகக்கவசம். வழி கண்டுபிடித்தவள் அவளுக்கு எதிரே நின்று உரிக்கும் மோனிகா. மணி பார்க்க மேஜையில் போனை வைத்தாள். குவியலிலிருந்து ஓர் இறால் சரிந்து கவர் மேல் விழுந்தது. விழுந்ததும் கேமரா திறந்து, மேலே இருந்த ட்யூப் லைட்டைப் படம் பிடித்துவிட்டது.

"அந்த போட்டாவ இன்னும் வெச்சுக்கினு கீறா. எறா எடுத்த மொத போட்டாவாம்."

உரித்த பச்சை இறாலை வாலில் பிடித்துத் திரையில் வைத்தால், திரை அதை விரல் என்று எடுத்துக்கொள்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு மேஜையிலும் பெரிதாக ஓர் இறாலைப் பனிக்கட்டி ஓரமாகத் தனியே வைக்கிறார்கள். அதற்குப் பெயர் 'போன் எறா'. அது பெட்டிக்குள் போகாது. ஷிப்ட் முடிந்ததும் தோலோடு தோலாகக் குப்பைக்குப் போய்விடும்.

"இல்லன்னா எந்த வெளிநாட்டுக்காரனோ துன்ற எறாவுல எங்க ஊட்டு நம்பரெல்லாம் போய்ச் சேர்ந்துடும்ல?" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

சூப்பர்வைசர் சுமலதாவுக்கு எல்லாம் தெரியும். தெரியாதவள் மாதிரி நடந்து போவாள். போகிற போக்கில், "இன்னாமா செங்கம்மா, எறாவுக்கு சிம்மு போட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போய்விடுவாள்.

(இவ்வளவு வேடிக்கையும் அவசியமா என்று யோசித்தேன். அவள் இந்த வரிசையில்தான் சொன்னாள். மகளைப் பற்றிச் சொல்ல அவளுக்கு மூன்று நாள் ஆனது. அதுவரை இறாலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.)

4

பூமிகா வீட்டை விட்டுப் போய்ப் பதினாலு மாதம். பையன் பெயர் எபினேசர். சிப்காட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். சர்ச்சுக்குப் போகிற குடும்பம், வேறு சாதி. குப்பத்துக்கு அந்தக் காரணமே போதும். பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஓசூர்ப் பக்கம் போய்விட்டார்கள். விலாசம் தெரியாது. போன அன்று பூமிகா போன் செய்தாள். செங்கம்மாள் சொன்னது ஒரே வாக்கியம்: "இனிமே எனுக்கு போன் போடாத."

பெண் அப்படியே கேட்டுக்கொண்டாள். போடவில்லை.

"சின்னதுலேருந்து சொன்ன பேச்சு கேக்காத கய்தே அது. அந்த ஒரு பேச்ச மட்டும் கேட்டுச்சு பாரு."

புருஷன் போனை வாங்கி மகள் நம்பரை அழித்தான். அடுத்த நாள் அவள் அதை மறுபடி ஏற்றிக்கொண்டாள். 'கேஸ் புக்கிங்' என்ற பெயரில்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. ஏப்ரனுக்குள் போன் அதிர்ந்தது. வெளியே எடுத்து மேஜையில் வைத்தாள். எதிரே நின்ற மோனிகா எட்டிப் பார்த்து, "அக்கா, கேஸ்காரன் கூப்புடறான்" என்றாள்.

செங்கம்மாள் போன் எறாவை எடுத்தாள். கையுறை வழுக்கியது, இறால் வழுக்கியது, கவர் மேல் பனித்தண்ணீர். அழைப்பை எடுக்கப் பச்சை வட்டத்தை மேலே தள்ள வேண்டும். தள்ளினாள், போகவில்லை. மறுபடி தள்ளினாள். மணி நின்றது. அழைப்பை எடுக்க முடியாதபோது அனுப்புவதற்கென்று போனே சில பதில்களைத் தயாராக வைத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்று மகளுக்குப் போய்விட்டது:

'இப்போது பேச முடியாது.'

போட்டதைப் போட்டபடி விட்டு வெளியே ஓடினாள். நடைவழியில் நின்று ரப்பரை உருவி, பருத்தியை உருவி, விரலைத் துடைத்துப் போனைப் பார்ப்பதற்குள் பதில் வந்திருந்தது.

'சரிமா.'

அவ்வளவுதான். கூப்பிட்டாள், ஸ்விட்ச் ஆப். மறுநாளும் ஸ்விட்ச் ஆப். அடுத்த வாரம் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது.

பதினாலு மாதம் கழித்து எதற்குக் கூப்பிட்டாள்? உடம்பு சரியில்லையா, குழந்தை உண்டாகியிருக்கிறாளா, சண்டையா, சும்மாவா? இனி பூமிகா தானாகக் கூப்பிட்டால்தான் உண்டு. அம்மா வேண்டுமென்றே துண்டித்தாள் என்று நினைத்துவிட்டால் கூப்பிட மாட்டாள். அதனால்தான் அந்த மூன்று சொல். அதனால்தான் நான்.

5

எழுதும் முன் சோதித்துப் பார்ப்பது என் கெட்ட பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மீஞ்சூர் மார்க்கெட்டில் கால் கிலோ இறால் வாங்கினேன். பருத்திக் கையுறை, அதன் மேல் ரப்பர் கையுறை, ஜிப் கவர், ஒரு கிண்ணம் பனிக்கட்டி. எங்கள் அச்சகத்தில் டிசைன் செய்யும் ஜெரால்டிடம், என்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன்.

"அக்கா, இது இருவத்திரெண்டாவது கால். எனக்கு இன்னிக்கு லீவு, ஞாபகம் கீதா?"

"இன்னும் கொஞ்சம்."

"எறா எடுத்துச்சா இல்லியா, அதச் சொல்லுங்க."

"எடுத்ததாலதானே பேசிட்டிருக்கேன்."

நாற்பது முறை. சில முறை இறால் அழைப்பை எடுத்தது. சில முறை துண்டித்தது. பாதிக்கு மேல் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் ஒருமுறைகூட அந்தப் பதில் போகவில்லை. போகாது. ஏனென்றால் அதற்கு இரண்டு முறை தொட வேண்டும். முதலில் 'செய்தி' என்ற சொல்லை. பிறகு நாலு வரிகள் விரியும். அதில் ஒன்றைத் தொட வேண்டும். ஈரம் சொட்டவிட்டும் பார்த்தேன். ஒரே ஒரு தடவை பட்டியல் விரிந்தது. விரிந்து, நான் எதைச் சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டு நின்றது.

நானும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தப் பட்டியலிலிருந்து என் தங்கைக்கு எத்தனை பதில்கள் அனுப்பியிருப்பேன்? அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள் என்பதற்காக. ஒருமுறைகூடக் கையுறை —

(இந்த வாக்கியத்தை முடிக்கப் பிடிக்கவில்லை.)

அன்று இறால் குழம்பு வைக்கவில்லை. எல்லாவற்றையும் கீழ்வீட்டுப் பூனைக்குப் போட்டேன்.

6

மறுநாள் ரயிலில் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"அக்கா, அதுக்கு ரெண்டு தடவை தொடணும்."

"எதுக்கு?"

"அந்தப் பதிலுக்கு. முதல்ல லிஸ்ட் வரும். அப்புறம் ஒரு வரியைத் தொடணும். எறா வழுக்குறதுல ரெண்டும் நடக்காது. நாப்பது தடவை பார்த்தேன்."

"எறா வாங்கியா பாத்த?" சிரித்தாள். "இன்னா சைஸு?"

"சின்னது."

"அது கொயம்பு எறா. அதுல பாத்தா இன்னா தெரியும்? நாங்க உரிக்கறது இத்தாந்தண்டி" என்று உள்ளங்கையைக் காட்டினாள். காட்டிய கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள். ரயில் ஆற்றுப் பாலத்தில் ஏறிச் சத்தம் மாறியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நீ கதை எழுதறவளா, போலீஸா?" என்றாள்.

பொன்னேரி வந்தது. தினமும் இறங்கும்போது என் தோளில் ஒரு தட்டு தட்டுவாள். அன்று இல்லை.

இரண்டு நாள் அவளைக் காணவில்லை. வேறு பெட்டியில் ஏறியிருக்கலாம். மூன்றாம் நாள் என் இடம் காலியாக இருந்தது. நான் உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"நாந்தான் தொட்டேன். கேட்டுக்கோ. எடுக்கலாம்னு தள்ளித் தள்ளிப் பாத்தேன், வர்ல. எங்கியோ பட்டு அந்த லிஸ்டு வந்து நின்னுச்சு. ரிங்கு இப்ப நின்னுடும், இப்ப நின்னுடும்னு எனுக்கு. நாலு வரில 'பிறகு அழைக்கிறேன்'னு ஒண்ணு இருந்துச்சு. பதினாலு மாசமா எங்கிட்டேருந்து ஒரு வார்த்த போவல அதுக்கு. அதுனா போவட்டும்னு அத்த தான் தொட்டேன். எறா முன தடிப்பு. மேல் வரில பட்டுக்கிச்சு."

மூச்சு வாங்கினாள்.

"ஆவ மொத்தம், எறா தான் அழுத்துச்சு. போட்டுக்கோ."

7 (இதை நீக்கிவிடலாம் என்று இருக்கிறேன்)

இரண்டு நாள் இடைவெளி. ஒரு கதையைத் திருத்த எனக்கும் அவ்வளவு நேரம்தான் தேவைப்படும்.

அவள் சொன்னது அச்சு அசலாக நடந்திருக்கலாம். அந்த வரிகள் நெருக்கமானவை, இறால் முனை உண்மையிலேயே தடிப்பு, இரண்டு வரிகளை ஒருசேர மறைக்கும். என் கேள்விக்குப் பதிலாக அவள் அதை உண்டாக்கியிருக்கலாம். அல்லது 'இப்போது பேச முடியாது' என்ற வரியைப் பார்த்து ஒரு நொடி, ஒரே நொடி, பதினாலு மாதக் கோபமும் கைக்குள் வந்து, தெரிந்தே அதைத் தொட்டிருக்கலாம். தொட்ட மறுநொடி ஓடியிருக்கலாம். இரண்டு கையுறையையும் உருவி எறிந்துகொண்டு ஓடினாளே, அது இந்த மூன்றுக்கும் பொருந்துகிறது.

கதாபாத்திரமாக இருந்தால் மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். கதைக்கு அதுதான் கனம். ஆனால் அவள் தினமும் எனக்கு இடம் பிடித்து வைக்கிறாள்.

8

முடிவுகள்.

முதல் முடிவு: ஓசூரில் பூமிகா இதைப் போனில் படிக்கிறாள். செங்கம்மா என்று பாட்டியின் பெயரைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து —
(எனக்கு அவள் முகம் தெரியாது. அழ வைக்க எனக்கு உரிமை இல்லை.)

இரண்டாம் முடிவு: நானே ஓசூர் போகிறேன். ஒவ்வொரு சர்ச்சாக எபினேசர் என்ற பையனை விசாரித்து, கடைசியில் ஒரு —
(ஓசூரில் எத்தனை எபினேசர்கள்? தவிர, நான் போகவில்லை. லீவு எடுத்து டிக்கெட் போடும் வரை வந்தேன். அதை ஒப்புக்கொள்கிறேன்.)

மூன்றாம் முடிவு: பூமிகாவும் அங்கே ஏதோ ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவள் கையிலும் கையுறை. பதினொன்று இருபது அவளுக்கு டீ நேரம். கழற்றிவிட்டுத்தான் அம்மாவைக் கூப்பிட்டாள். பதில் வந்தது. படித்தாள். 'சரிமா' என்பதைத் தன் விரலால் அடித்தாள். போன் தயாராக வைத்திருக்கும் பதில்களில் அந்தச் சொல் கிடையாது. 'சரி' என்று மட்டும் அனுப்பியிருக்கலாம். 'மா' என்பதற்கு இன்னும் இரண்டு தொடல் வேண்டும். அதைச் சேர்த்திருக்கிறாள்.

(இது முடிவு இல்லைதான். ஆனால் இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமே இல்லாத இடம் அந்த 'மா' ஒன்றுதான். இதைச் செங்கம்மாளிடம் சொன்னேன். உடனே போனை எடுத்து அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொன்னேரியில் இறங்க மறந்து, என்னோடு அடுத்த நிறுத்தமான அனுப்பம்பட்டு வரை வந்துவிட்டாள்.)

9

அனுப்பம்பட்டில் நானும் இறங்கினேன். எதிர்ப்பக்க ரயிலுக்காக நின்றபோது கேட்டேன்.

"இப்பவும் போனை ஏப்ரனுக்குள்ளதான் வச்சிருக்கீங்களா?"

"வெச்சுக்கினு தான் கீறேன். ஆனா எறா வாணாம்னு உட்டுட்டேன்."

"அப்ப திரும்பக் கூப்பிட்டா?"

அதை அவள் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. பஸ் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னாள். தினமும் பதினொன்று பத்துக்கு மேஜையை விட்டு நகர்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் அரைமணியை அதற்குக் கழித்துக்கொள்கிறாள். நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறாள். நடைவழிக்கு வந்து ரப்பரை உருவி, பருத்தியை உருவி, கையை முழுசாகத் துடைத்து, போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"சுமலதா ஒண்ணும் சொல்லலையா?"

"'உனுக்கு சுகர் இருக்குது, அடிக்கடி பாத்ரூம் போவுறன்னு எழுதிக்கறேன், போய்த் தொல'ன்னுச்சு. எனுக்கு சுகரே கெடியாது." சிரித்துவிட்டு, "அங்க ஒரு போர்டு கீது. உள்ள கையுறையக் கழட்டாதீர்னு. அது உன்து தான?"

"என்னுதுதான்."

"நா வெளிய தான நிக்கறேன், போர்டம்மா. தப்பில்ல."

எதிர் ரயில் வந்தது. ஏறும்போது என் தோளில் ஒரு தட்டு தட்டினாள். "அந்த வரியப் போட்டுட்ட இல்ல?"

"முதல்லயே போட்டுட்டேன்."

அதை நான் அழிக்கவில்லை. மேலே அப்படியே இருக்கிறது. என் நாற்பது சோதனைகளையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். எதை நம்புவது என்பதை நான் முடிவு செய்ய மாட்டேன். நீங்கள் பூமிகாவாக இல்லாவிட்டால் நீங்களும் செய்ய வேண்டியதில்லை. படித்துவிட்டு, யாருக்காவது அனுப்ப வேண்டும் என்று தோன்றினால் ஓசூர்ப் பக்கம் அனுப்புங்கள்.

பூமிகாவாக இருந்தால், எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். பலகையில் எழுதுவது போல எழுதுகிறேன்.

காலை 11.15 முதல் 11.35 வரை. ஞாயிறு விடுமுறை.

அந்த நேரத்தில் வரும் அழைப்பை விரல்தான் எடுக்கும்.